எதிர்க் கட்டில்

அரசு மருத்துவமனையின் ஆண்கள் வார்டு. இரவு மணி இரண்டைத் தாண்டிவிட்டது. நான் துணைக்கு வந்த சித்தப்பா குறட்டை விடுகிறார். எதிர்க் கட்டில் பெரியவருக்குத்தான் தூக்கம் இல்லை. இதயம் தளர்ந்துபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

மல்லாந்து படுத்துப் பார்க்கிறார். சற்று நேரத்தில், முங்கியெழுந்தவர் போல வாயால் மூச்சை இழுத்துக்கொண்டு எழுகிறார். காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறார். கணுக்காலைப் பிடித்துவிட்ட இடத்தில் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பும். தளர்ந்த இதயத்தால் அதைத் தள்ள முடியாது. நுரையீரலில் கோத்துக்கொள்ளும். உட்கார்ந்தால்தான் மூச்சு.

மூச்சு தணிந்தால் சிறுநீர் முட்டுகிறது. ஒன்பது மணிக்கு மற்ற மாத்திரைகளோடு லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரையையும் விழுங்கினார், நான் பார்த்தேன். தரையில் பாய் விரித்திருந்த மனைவி எழுந்து கைத்தாங்கலாக அழைத்துப் போகிறார்.

திரும்பி வந்து சாய்ந்ததும் கண் செருகுகிறது. மூச்சு ஆழமாகிறது, இன்னும் ஆழமாகிறது, பிறகு மெலிந்து மெலிந்து நின்றேவிடுகிறது. நான் பதறி எழுந்துவிட்டேன். நல்லவேளை, மறுபடி தொடங்கியது. 1818-இல் டப்ளினில் ஜான் செய்ன் என்ற மருத்துவரும், 1854-இல் வில்லியம் ஸ்டோக்ஸும் எழுதிவைத்த மூச்சு இது. நின்ற மூச்சு மீண்டும் வேகமெடுக்கும்போது பெரியவர் விழித்துக்கொள்கிறார்.

"தூக்க மாத்திரை ஒண்ணு குடுங்க சிஸ்டர்." மனைவி நர்ஸிடம் கேட்கிறார்.

"டாக்டரைக் கேக்காம தரக் கூடாதும்மா. சில மாத்திரையில மூச்சே மந்தமாயிடும்." நர்ஸ் கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவிட்டுப் போகிறார். அந்த மறுப்பில் அக்கறை இருந்தது.

பெரியவர் மனைவியிடம் மெல்லச் சொல்கிறார்: "கண்ணை மூடினா, முழிக்காமப் போயிடுவேனோன்னு இருக்கு."

கேஸ் ஷீட்டில் எடை, குடித்த தண்ணீர், போன சிறுநீர் எல்லாம் எழுதியிருக்கிறது. இந்தப் பயத்தை எழுத அதில் இடமில்லை. இரவு முழுக்கப் பார்த்தவனுக்கு, மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவரைத் தூங்கவிடவில்லை என்று படுகிறது.

காலை ரவுண்ட்ஸ். டாக்டர் காலை அழுத்திப் பார்க்கிறார். "நீர் மாத்திரை ராத்திரி வேணாம்மா. ரெண்டாவது வேளையை மத்தியானம் ரெண்டு மணிக்கே குடுத்திடுங்க." அடுத்த கட்டிலுக்குத் திரும்புகிறார்.

"சார், ராத்திரி கண்ண மூடவே பயப்படுறாரு" என்றார் மனைவி.

டாக்டர் நின்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்பலேருந்துங்கய்யா?"