லோகா இல்லாத அலிகேட்ஸ்

'சென்யும்லா கோலாலம்பூர்' பாடியது நம்மவர்கள் என்றால், எங்கள் நிலையத்துக்கு வரும் பயிற்சி மாணவர்கள் நம்புவதில்லை. பினாங்குச் சகோதரர்கள் லோகநாதன், டேவிட் ஆறுமுகத்தின் 'அலிகேட்ஸ்' குழு அது. 1970களில் ஹாங்காங் மேடைகளில் பாடிவிட்டு ஊர் திரும்பி, மலாய்ப் பாட்டில் கொடி நாட்டியது. வாத்தியக்காரர்கள் வந்தார்கள், போனார்கள், யாருக்கும் உறுத்தவில்லை.

2007இல் நுரையீரல் புற்றுநோய் லோகாவைக் கொண்டுபோனது. "அத்தோடு முடிஞ்சுதும்மா" என்றார் கிள்ளானில் என் அப்பா. முடியவில்லை. பந்தாய்ச் சுருண்ட முடியோடு டேவிட் தொடர்ந்து பாடினார். அப்பாவும் கேட்டார், லோகா குரல் வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டுவார்.

எனக்கு ஒரு குறை. எங்கள் அலைவரிசையில் தமிழ்ப் பாட்டு மட்டும்தான். பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் அலிகேட்ஸ் கேட்க, நானே வேறு நிலையத்துக்குத் திருப்புகிறேன்.