வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு: பூட்டிய முன்பள்ளிக்காக ஒரு பயணம்

அதிகாலை 5 மணிக்குச் சற்று முன்னர் இரவு பஸ் எங்களை வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இறக்கிவிட்டுப் போனது. 2025 செப்டெம்பர் மாதம். என்னோடு மூன்று தாய்மார் வந்திருந்தார்கள். மூவரும் கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரே கிராமத்தவர். மூத்தவர் யுத்தத்தில் கணவரை இழந்தவர். மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதால் இப்போது பேரனை வளர்ப்பவர் அவரே. இரண்டாமவரின் கணவருக்கு ஒரு கால் இல்லை. இளையவருக்கு 3 வயதில் ஒரு பெண் குழந்தை. கொழும்புக்கு வருவது அவருக்கு இதுவே முதல் தடவை.

கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கடவுச்சீட்டுக்கோ நாங்கள் வரவில்லை. ஒரு முன்பள்ளியைப் பார்ப்பதற்காக வந்தோம். பஸ்ஸில் பக்கத்து ஆசனத்திலிருந்த ஐயா காரணத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "நேசரி பாக்கவோ இவ்வளவு தூரம்?" என்றார்.

அவர்களது கிராமத்திலும் முன்பள்ளி ஒன்று இருக்கிறது. மீள்குடியேறிய புதிதில் ஒரு நிறுவனம் கட்டிக் கொடுத்த நல்ல கட்டடம். சுவரில் யானையும் மயிலும் வரைந்து, முற்றத்தில் ஊஞ்சலும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் ஆசிரியைக்கு மாதக் கொடுப்பனவும் அவர்களே கொடுத்தார்கள். பின்னர் திட்டம் முடிந்தது. ஆசிரியை சில மாதங்கள் சம்பளமின்றிப் படிப்பித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்று அந்தக் கட்டடத்துக்குள் ஊர்ச் சங்கத்தின் விதைநெல் மூட்டைகள் இருக்கின்றன. வன்னியில் வேலை செய்யும் எனக்கு இது புதிய கதையல்ல. கட்டடம் ஒருமுறைச் செலவு. அதற்குப் பணம் தர ஆட்கள் வருவார்கள், பெயர்ப்பலகையும் வைப்பார்கள். ஆசிரியையின் சம்பளமோ மாதாமாதம் வரவேண்டியது. அதற்குப் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை.

இந்தத் தாய்மார் தமது பிரதேச சபையிடம் அந்த முன்பள்ளியைப் பொறுப்பேற்கும்படி கேட்க விரும்பினார்கள். "சபை ரோட்டும் லைற்றும்தான் போடும், பிள்ளை வளர்க்குமோ?" என்று ஊரில் சிலர் பகிடி பண்ணினார்களாம். வளர்க்கும் என்பதற்குக் கொழும்பு மாநகர சபை ஓர் உதாரணம். 1865இல் தோன்றிய அந்தச் சபை, வீதி, வடிகால், நூலகம், தாய் சேய் கிளினிக் ஆகியவற்றோடு நகரத்தின் வறிய பகுதிகளில் முன்பள்ளிகளையும் நீண்ட காலமாக நடத்தி வருகிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊரில் பேசுவோம் என்று நான்தான் சொன்னேன்.

முகம் கழுவி, தேநீர் குடித்துவிட்டு, விடிந்ததும் கடற்கரைப் பக்கமாக நடந்தோம். வெள்ளவத்தை எனக்குப் பழகிய இடம். ஆனால் மகிழ்ச்சியோடு பழகிய இடமல்ல. 2007இல் எனக்கு 17 வயது. அம்மாவும் நானும் 4 வயதுத் தம்பியும் இங்கே ஒரு லொட்ஜில் ஒரே அறையில் பல மாதங்கள் இருந்தோம். அந்த ஆண்டு ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அன்றிரவு நாங்கள் உறவினர் வீட்டில் நின்றதால் தப்பினோம்.

அந்த மாதங்களில் அம்மா தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாலர் பாடசாலையின் படலையில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிரந்தர விலாசம் கேட்டார்கள். லொட்ஜ் விலாசம் விலாசமில்லை என்றார்கள். கட்டணமும் எங்களுக்கு எட்டாதது. தம்பி உள்ளே ஆடிக்கொண்டிருந்த மரக்குதிரையைப் பார்த்தபடியே வந்தான். அதன்பிறகு அம்மா லொட்ஜ் அறைக் கதவின் பின்பக்கத்தில் சோக்கட்டியால் அ, ஆ எழுதிப் படிப்பித்தார். பின்னர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் வகுப்பில் 'சேவைகளை அணுகுவதில் உள்ள தடைகள்' என்று விரிவுரையாளர் சொன்னபோது எனக்கு அந்தப் படலைதான் கண்ணில் வந்தது.

இன்றும் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் நடந்தால், வீடுகளின் முன் மண்டபங்களில் நடக்கும் தனியார் பாலர் பாடசாலைகளின் பலகைகளைக் காணலாம். 'மொண்டிசூரி' என்ற சொல் பல பலகைகளில் இருக்கும். நம் நாட்டில் அச்சொல் பரவியதற்குக் காரணம் உண்டு. இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசூரி அம்மையார் இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்தபோது, 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் 1907இல் ரோமாபுரியில் தமது முதற் பள்ளியைத் தொடங்கியது சன் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். தாயும் தகப்பனும் வேலைக்குப் போக, படிக்கட்டுகளில் தனியே திரிந்த பிள்ளைகளுக்காக அது தொடங்கப்பட்டது. கூலிக்காரரின் பிள்ளைக்காகப் பிறந்த பெயர் இங்கே காசுள்ளவரின் பலகையில் ஏறிவிட்டது. படிப்பிக்கும் ஆசிரியைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் மிகக் குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவர்கள்.

"இவ்வளவு மாடிக் கட்டடம் இருக்கு, பிள்ளையள் எங்கை விளையாடுறது?" என்று இளையவர் கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காலி வீதியில் புறக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தோம். கொழும்பு 6இலிருந்து கொழும்பு 13. தூரம் அதிகமில்லை, ஆனால் ஊர் வேறு. புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தைத் தாண்டினால் ஒழுங்கைகள் ஒடுங்கும். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளின் சத்தம் ஓயாது. இங்கே 'தோட்டம்' என்று சொல்வது தேயிலைத் தோட்டத்தையல்ல. பொதுக் குழாயையும் பொது மலசலகூடத்தையும் சுற்றி நெருங்கிக் கட்டப்பட்ட வரிசை வீடுகளைத்தான் கொழும்பில் தோட்டம் என்பார்கள். துறைமுகத்திலும் சந்தையிலும் கூலி வேலை செய்வோரும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் அங்கே வசிக்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள்.

முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தோம். முன்பள்ளி ஒரு சாதாரண மண்டபம். எங்கள் ஊர்க் கட்டடத்தோடு ஒப்பிட்டால் அழகு குறைவுதான். ஆனால் மூத்த அக்கா உள்ளே நுழைந்ததும் கவனித்தது வேறு. "படலைக் கொளுக்கி பிள்ளைக்கு எட்டாத உயரத்திலை, தண்ணிக் குழாய் பிள்ளைக்கு எட்டுற உயரத்திலை" என்றார். உண்மைதான். மலசலகூடத்தின் இருக்கையும் சின்னதாக இருந்தது. காலணிகளை வைக்கும் தட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துக்குப் பதிலாக ஒரு படம்: வாழைப்பழம், மீன், குடை. எல்லோருக்கும் ஒரே வகைச் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்று சுவரில் அட்டவணை. திங்கள் கடலை, செவ்வாய் சோறு என்று போனது. பிஸ்கட் இல்லை. பணமுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் என்ற வேறுபாடு சாப்பாட்டுப் பெட்டியில் தெரியக்கூடாது என்பதற்காகவே இது என்று ஆசிரியை கூறினார்.

நாங்கள் அவரிடம் கற்றதில் முதலாவது, பிள்ளைகளை எண்ணும் வேலை. "ஜனவரியில அம்மாமார் தேடி வருவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தா, வரவேண்டிய பிள்ளைங்க வராது. வர்றது எப்படியும் வரக்கூடிய பிள்ளைங்கதான்" என்றார். ஆகவே வருட முடிவில் அவரே தோட்டங்களுக்குள் போகிறார். மருத்துவமாதுவிடம் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பதிவு இருக்கும்; எடை பார்க்கும் நாளில் போனால் பாதித் தாய்மாரை ஒரே இடத்தில் சந்தித்துவிடலாம். ஒரு கொப்பியில் பிள்ளையின் வயது, வீட்டில் பேசும் மொழி, தாய் வேலைக்குப் போகும் நேரம், பிள்ளையைக் கூட்டிப்போக வருபவர் யார் என்பவற்றை எழுதிக்கொள்கிறார். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை. சேர்த்துக்கொண்டு, பதிவுக்குத் தாயோடு தானும் போகிறார். அதைக் கேட்டபோது நான் சற்று நேரம் வெளியே வந்து நின்றேன்.

இரண்டாவது, இடம். "ரோட்டுக்கு அங்கால நல்ல ஹோல் இருக்கு. ஆனா லொறி போற ரோட்டை நாலு வயசுப் பிள்ளை கடக்க ஏலுமா?" என்றார். எங்கள் ஊரில் லொறி இல்லை. ஆனால் மாரியில் வாய்க்கால் நிரம்பினால் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு இடம் தெரிவு செய்தபோது இதை யாரும் தாய்மாரிடம் கேட்கவில்லையாம்.

மூன்றாவது, நேரம். இதில்தான் அக்காமாரும் ஆசிரியையும் அதிகம் பேசினார்கள். நம் நாட்டில் பெரும்பாலான முன்பள்ளிகள் முற்பகலிலேயே முடிந்துவிடும். வீட்டு வேலைக்குப் போகும் தாய் அந்த நேரத்தில் வரமுடியாது. பாட்டி இருந்தால் பாட்டி வருவார். பாட்டி இல்லாத பிள்ளை? பகல்நேரப் பராமரிப்பு நிலையம் பக்கத்தில் இருந்தால் மட்டுமே அந்தத் தாய்க்கு முழுநாள் வேலை. "களை பிடுங்கப் போனா பின்னேரம்தான் கூலி தருவினம். பதினொண்டரைக்கு விடுற பள்ளிக்கூடம் எனக்கு அரைநாள் கூலியை வெட்டுது" என்றார் இரண்டாமவர். முன்பள்ளி பிள்ளைக்கு மட்டும் உரிய விடயம் என்றே நான் அதுவரை அறிக்கைகளில் எழுதி வந்திருக்கிறேன். தாயின் கூலியை அதில் ஒருபோதும் கணக்கிட்டதில்லை.

கடைசியாகத்தான் மூத்த அக்கா பணத்தைப் பற்றிக் கேட்டார். "ரீச்சருக்குச் சம்பளம் ஆர் தாறது?" சபைதான். சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளிகளுக்கென்று செலவு இருக்கிறது. மேயர் மாறினாலும் கட்சி மாறினாலும் அது அடுத்த வருடமும் வரும். எங்கள் கட்டடத்துக்கு இல்லாமற்போனது இதுவே.

ஆனால் கொழும்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. கொழும்புச் சபைக்குச் சோலைவரியே பெருந்தொகை வரும். எங்கள் பிரதேச சபைக்கோ சந்தைக் குத்தகை, அனுமதிப்பத்திரக் கட்டணம், முத்திரைத் தீர்வையிலும் நீதிமன்றத் தண்டப் பணத்திலும் கிடைக்கும் பங்கு என்று சிறு வருமானங்களே உண்டு. முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்குரிய விடயம். 2009க்குப் பின்னர் வன்னியில் பல முன்பள்ளிகள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் போயின. அங்கே ஆசிரியைக்குக் கிடைத்த சம்பளம் மாகாணக் கொடுப்பனவைவிடப் பல மடங்கு. அந்தச் சம்பளத்துக்குப் போன பெண்களை நான் ஒருபோதும் குறைகூறமாட்டேன். அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் 4 வயதுப் பிள்ளையின் பள்ளி எந்த அமைச்சின் கீழ் இருக்கவேண்டும் என்ற கேள்வியைக் கேட்கும் உரிமை தாய்க்கு இருக்கிறது. மக்கள் தெரிவு செய்த சபை பணமின்றி ஒதுங்கி நிற்கும் இடத்தில்தான் அந்தக் கேள்வி எழுகிறது.

திரும்பும் பஸ்ஸில் அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். கற்பனையல்ல, நடந்தது. 1945இல் யுத்தம் முடிந்த சில நாட்களில் இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரத்துக்கு அருகே வில்லா செல்லா என்ற கிராமத்து மக்கள், ஜேர்மன் படை விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்றுப் பணம் சேர்த்தார்கள். இடிந்த வீடுகளின் செங்கற்களைப் பெண்கள் எடுத்துக் கழுவிக் கொடுக்க, தமது பிள்ளைகளுக்கு ஒரு முன்பள்ளி கட்டினார்கள். லோரிஸ் மலகுஸி என்ற இளம் ஆசிரியர் இதைக் கேள்விப்பட்டு, நம்பாமல் சைக்கிளில் போய்ப் பார்த்தார். பின்னர் வாழ்நாள் முழுவதும் அந்தப் பள்ளிகளோடேயே நின்றார். அப்படித் தாய்மாரும் தகப்பன்மாரும் தம் கையால் நடத்திய பள்ளிகளுக்குப் பணம் போதவில்லை. விடாது கேட்டார்கள். 1963இல் நகரசபை தனது முதலாவது முன்பள்ளியைத் திறந்தது. பெற்றோர் நடத்திய பள்ளிகளும் பின்னர் சபையின் பொறுப்புக்கு வந்தன. இன்று உலகெங்குமிருந்து ஆசிரியர்கள் அந்த நகரத்துக்குப் பார்க்கப் போகிறார்கள்.

மூத்த அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட ஊரிலையும் டாங்கி கிடந்தது. ஆரோ இரும்புக்கு வித்துப்போட்டாங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அனுராதபுரம் தாண்டும்வரை தூக்கமில்லை. எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்று மூவரும் விரல்விட்டு எண்ணினார்கள். காலை ஏழு முதல் பிற்பகல் ஒரு மணிவரை வேண்டும் என்று ஒருவர், பிள்ளை அவ்வளவு நேரம் தாங்காது என்று மற்றவர். முடிவு வரவில்லை.

ஊருக்கு வந்ததும் மருத்துவமாதுவின் பதிவோடு ஒப்பிட்டுப் பட்டியலைச் சரிபார்த்தார்கள். 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு உண்டல்லவா. அப்படி 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான ஓர் உறுப்பினரைச் சந்தித்தோம். சபையின் வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும், அதற்கு முன் எழுத்தில் தாருங்கள் என்றார். ஒக்டோபர் முடிவில் கடிதம் கொடுத்தோம். ஆசிரியைக்கு மாதக் கொடுப்பனவு, தண்ணீர், வேலி திருத்தம் ஆகிய மூன்றை மட்டும் கேட்டோம். புதுக் கட்டடம் கேட்கவில்லை.

சபையில் கேட்ட முதற் கேள்வி, காணி யாருடைய பெயரில் என்பது. யாருக்கும் தெரியவில்லை. காணியை வாய்ச்சொல்லாகக் கொடுத்த பெரியவர் காலமாகிவிட்டார், மகள் கனடாவில். இளையவர் பலரிடம் விசாரித்து அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்தார். சம்மதக் கடிதம் வந்துவிட்டது. இப்போது ஊரில் விதைநெல் மூட்டைகளை எங்கே மாற்றி வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.