நாவும் மூச்சும்

கிளாரினெட் என்னும் துளைக்கருவி நமக்குப் புதியதன்று. திருவிழாத் தேர்ப்பவனியிலும், அடக்கத்திற்குச் செல்லும் ஊர்வலத்திலும், பேண்டு வாத்தியக் குழுவின் நடுவே கறுத்த உடலும் வெள்ளிநிறச் சாவிகளுமாக அதனைப் பலமுறை பார்த்திருக்கிறோம். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவன விரல்கள் மட்டுமே. அதன் நுட்பமான வேலையோ வாய்க்குள், யாரும் காணாத இடத்தில், நாவின் நுனியில் நடைபெறுகிறது. பணி ஓய்வு பெற்ற பின் அக்கருவியைக் கையிலெடுத்த எனக்கு, முதலாண்டுப் பாடம் பெரும்பாலும் அந்த நுனியைப் பற்றியதாகவே அமைந்தது.

1700 ஆம் ஆண்டளவில் செருமனியின் நூரம்பர்க் நகரில் யோகான் கிறிஸ்தோப் டென்னர் என்னும் கருவிக் கைவினைஞர் உருவாக்கிய இசைக்கருவி இது. 19 ஆம் நூற்றாண்டிலேயே நம் சதிர்க் கச்சேரிகளில் இடம்பெற்றது. பின்னர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராஜன் அவர்கள் இதனைக் கருநாடக இசை மேடையின் தலைமைக் கருவியாக உயர்த்தினார். 2008 இல் சங்கீத கலாநிதி விருதும், 2022 இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பெற்றன. நாவினால் சுரங்களைப் பிரித்து ஊதும் கலையும் நமக்கு அயலானதன்று. நாகசுரக் கலைஞர் சீவாளியை நாவால் தொட்டுத் தொட்டு ஊதுவதைத் துத்துகாரம் என்று வழங்குவர்.

சனிக்கிழமைதோறும் விழுப்புரத்தில் ரயிலேறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் கடந்து திண்டிவனத்தில் இறங்குவேன். அங்கே, பங்குத் திருவிழாக்களில் நாற்பது ஆண்டுகள் வாசித்த முதியவர் ஒருவர் எனக்கு ஆசிரியர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே அழைப்பர். முதல் மூன்று வாரங்கள் அவர் என்னை நாவை அசைக்கவே விடவில்லை. ஒரே சுரத்தை ஒரே மூச்சில், தளராமல், நடுங்காமல் நீட்டச் சொன்னார். நான்காம் வாரந்தான், "ஐயா, இப்போ நாக்கைக் கொண்டு வாங்க" என்றார்.

கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் ஒற்றை நாணல் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ரீடு என்பது அதுவே. மூச்சின் விசையால் அது அதிரும்போது ஒலி பிறக்கிறது. நாவின் நுனி அத்தகட்டின் முனையருகே மெல்லப் படிந்தால் அதிர்வு நிற்கும். விலகினால் மீண்டும் தொடங்கும். ஆகவே நாவானது ஒலியை உண்டாக்குவதில்லை. ஒலிக்கு வழி விடுகிறது. நாவு தகட்டை மறித்திருக்கும் அந்தக் கணத்திலும் மூச்சின் அழுத்தம் குறையலாகாது. குழாயைத் திருகி மூடினாலும் தொட்டியிலுள்ள நீரின் அழுத்தம் குழாய்க்குள் காத்து நிற்கிறதல்லவா, அதைப்போல. மாஸ்டர் இதனைச் சுருக்கமாகச் சொல்வார்: "நாக்கு வாசிக்கிறதில்லீங்க. மூச்சுதான் வாசிக்குது. நாக்கு கதவைத் திறந்து மூடுற ஆளு."

பயிற்சிக்கு அவர் தந்த எழுத்து 'து'. இங்கே நம் மொழி நமக்குக் கைகொடுக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஒவ்வோர் எழுத்துக்கும் நா எங்கே சென்று பொருந்துகிறது என வகுத்துரைக்கிறது. 'டு' என்றால் நா மேலே எழுந்து அண்ணத்தைத் தொடும். 'து' என்றால் நுனி முன்னே வந்து பல்லின் அடியில் பொருந்தும். அவ்விடத்தில் ரீடு இருப்பதாக எண்ணி, குரலின்றி மூச்சாலேயே 'து து து' எனச் சொல்ல வேண்டும். உள்ளங்கையை வாய்முன் வைத்தால் காற்று இடையறாது பட வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் தாடை அசையக் கூடாது. நிமிடத்திற்கு அறுபது எண்ணிக்கை. அதற்கு மேல் விரைதல் கூடாது.

ஆறாம் வாரம் முடிந்தபோது என் துணைவியாருக்குப் பக்கவாதம் கண்டது. இடக் கையும் இடக் காலும் சில வாரங்களில் ஓரளவு தேறின, பேச்சு தேறவில்லை. கேட்பது அனைத்தும் அவருக்கு விளங்கியது. சிலேட்டில் வலக் கையால் பிழையின்றி எழுதினார். சொல் உள்ளத்தில் முழுமையாக இருந்தது. நாவின் தசைகள்தாம் அதற்குப் பணியவில்லை. மாலைதோறும் எங்கள் வீட்டில் செபமாலையைத் தொடங்கி வைப்பவர் அவரே. இப்போது பிள்ளைகள் தொடங்க, அவர் மணிகளை மட்டும் நகர்த்தினார். கிளாரினெட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். இரண்டு சனிக்கிழமைகள் கழிந்தன. மூன்றாம் சனிக்கிழமை காலையில் அவர் சிலேட்டை என் முன் நீட்டினார். அதில் ஒரே சொல் இருந்தது: "போங்கள்".

பேச்சுப் பயிற்சியாளர் அவருக்குத் தந்த பாடம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. கண்ணாடி முன் அமர்ந்து, மூச்சை நிறைத்துக்கொண்டு, 'ப, த, க' என மெதுவாகச் சொல்ல வேண்டும். பகரம் இதழ்களுக்கு, தகரம் நாநுனிக்கு, ககரம் அடிநாவுக்கு. ஒவ்வோர் எழுத்துக்கும் விரலால் மேசையில் ஒரு தட்டு. விரைவு வேண்டா, தெளிவே வேண்டும். ஆக, எங்கள் வீட்டில் ஒரே கண்ணாடியின் முன் இருவர் முறைவைத்து அமர்ந்தோம். அவர் 'த த த' என்றார். நான் 'து து து' என்றேன். வாசற்பக்கம் வந்த பேரப்பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

இதனைத் திண்டிவனத்தில் சொன்னபோது மாஸ்டர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அம்மாவுக்கு மூச்சு நல்லா இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்போ அவசரப்படாதீங்க" என்றார். அவர் மருத்துவர் அல்லர். நரம்பின் நோயை ஊதுகுழலின் பாடம் தீர்க்காது என்பதை நானும் அறிவேன். ஆயினும், நாவின் தளர்ச்சியைக் கண்டு மூச்சையும் கைவிட்டு விடாதே என்று அவர் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன். அதுவரை நானே அவருக்காகச் சொற்களை முடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் அவர் மூச்செடுத்து முடிக்கும் வரை காத்திருந்து கேட்கலானேன்.

எங்கள் திருமணம் தொட்டு அவர் என்னை அழைத்து வந்த சொல் "என்னங்க". எளிய சொல்லென்றே நாம் எண்ணுவோம். நாவுக்கு அது எளிதன்று. 'ன்ன' என்னும்போது நுனி மேலெழ வேண்டும். உடனே அது இறங்க, 'ங்க' என்பதற்கு அடிநா எழ வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் இரு வேறு இடங்களில் இரு வேறு வேலைகள். பல மாதங்கள் அச்சொல் வெறும் உயிரொலியாகவே அவரிடமிருந்து வந்தது.

இப்போது அது "என்ன... ங்க" என்று வருகிறது. நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. ழகரமும் றகரமும் இன்னும் கைகூடவில்லை. செபமாலையில் முதல் பத்து மணிகளை அவரே சொல்கிறார்; மற்றவற்றைப் பிள்ளைகள் தொடர்கிறார்கள். அவர் சொல்லும் பத்துக்கு நேரம் மிகுதியாகிறது. எவரும் எழுந்து செல்வதில்லை.

தனித்தனியாக நறுக்கி ஊதும் சுரங்களை இசையறிந்தோர் துண்டுகளாகக் கேட்பதில்லை. அவற்றின் அடியில் மூச்சு அறாமல் ஓடுவதால் அவை ஒரே அடியாகவே காதில் விழுகின்றன. அவ்வாறே, இடைவெளியோடு வரும் அந்த அழைப்பும் எனக்கு முழுச் சொல்லாகவே கேட்கிறது. நம் இல்லங்களில் இவ்வாறு திக்கியும் தயங்கியும் பேசுவோர் எத்தனையோ பேர் உள்ளனர். அவர்களுக்கு முன்பாக நாம் நம் நாவைச் சற்றே பின்வாங்கிக் கொண்டால், அவர்களது மூச்சு தன் வழியைக் காண இடம் கிடைக்கும்.