பௌர்ணமி பார்த்து வரும் பண்டிகை

கிறிஸ்துமஸுக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. டிசம்பர் 25 என்றால் டிசம்பர் 25-தான். ஈஸ்டர் அப்படியல்ல. 2024-இல் மார்ச் 31-ஆம் தேதி வந்தது; 2025-இல் ஏப்ரல் 20-க்குப் போய்விட்டது. திதி பார்த்துப் பண்டிகை கொண்டாடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

யூதர்களின் பாஸ்கா பண்டிகை பௌர்ணமியை ஒட்டி வருவது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர்கள் விடுதலை பெற்றதை நினைத்து அதைக் கொண்டாடுகிறார்கள். இயேசுவும் யூதராகப் பிறந்தவர். அந்தப் பண்டிகைச் சமயத்தில்தான் ஜெருசலேமில் அவரைச் சிலுவையில் அறைந்தார்கள். மூன்றாம் நாள், ஞாயிறன்று, உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கைக்கே அஸ்திவாரம். ஆகவே சந்திரனையும் விட முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமையையும் விட முடியவில்லை! ஊருக்கு ஒரு நாளாகக் கொண்டாடி வந்த சபைகள் எல்லாம் ஒரே ஞாயிறன்று கொண்டாட வேண்டும் என்று 325-இல் நைசியாவில் கூடிய ஆயர்கள் தீர்மானித்தார்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி. அதற்கடுத்த ஞாயிறு ஈஸ்டர். கிரீஸ், ரஷ்யா தேசத்துச் சபைகள் பழைய ஜூலியன் காலண்டரைப் பிடித்துக்கொண்டிருப்பதால், 2024-இல் அவர்களுக்கு ஈஸ்டர் மே 5! ஆயர்கள் தீர்மானம் போட்டு என்ன பயன்?

இந்தக் கணக்கையெல்லாம் என் பத்து வயதுப் பெண்ணுக்கு விளக்க நேர்ந்தது 2025-இல். அவள் பிறந்த நாள் ஏப்ரல் 18. போன பிறந்த நாளுக்கு முதல் ஆளாக வந்து பாயசம் குடித்த கீழ் வீட்டுத் தோழி, "இந்தத் தடவை வரமாட்டேன், அன்றைக்குப் பெரிய வெள்ளி" என்று சொல்லிவிட்டாள். "போன வருஷம் இல்லாதது இப்போது எங்கிருந்து வந்ததாம்? பொய் சொல்கிறாள், அம்மா!" என்று இவள் கத்த, அந்தக் குழந்தை அழுதுகொண்டே படியிறங்கிப் போயிற்று. மூன்று நாள் பேச்சே இல்லை.

காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். பாதி புரிந்தது. அவள் மனத்தில் தைத்தது வேறொன்று. ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் தவக்காலம். ஞாயிறுகள் கணக்கில் சேராது. லெந்து காலம் என்றும் சொல்லுவார்கள். முந்தைய வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டு, கத்தோலிக்கர்கள் அதைச் சாம்பல் புதனன்று தொடங்குகிறார்கள். பிறகு ஆளுக்கு ஒன்றை விடுவார்கள்: ஒருவர் மாமிசம், ஒருவர் சினிமா. பெரிய வெள்ளியன்று பூசை கிடையாது. கோயில் மணியும் ஒலிக்காது. கீழ் வீட்டுக் குழந்தை அந்த நாற்பது நாளும் மிட்டாய் தின்பதில்லை என்று தானாகவே விரதம் எடுத்திருக்கிறாள் என்று அவள் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். அதையும் சொன்னேன்.

"நான் தினம் கொடுத்த சாக்லேட்டை என்ன செய்தாளாம்?" என்றாள் என் பெண், சுருதி இறங்கி.

எனக்கெப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே ஓடினாள். பிறந்த நாள் விருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மாறிவிட்டதென்று எனக்குத் திரும்பி வந்துதான் தெரிவித்தாள்!

ஞாயிறன்று புதுப் பாவாடை சரசரக்க வந்த தோழியின் கையில் ஒரு தகர டப்பா. அத்தனை சாக்லேட்டும் அதில் இருந்தன, சித்திரை வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. இருவருமாக ஸ்பூனால் சுரண்டித் தின்றார்கள்.