ஆடாத மாதங்கள்

தோற்கிற டீமுக்கு ரசிகனாக இருந்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஆட்டங்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆட்டமில்லாத மாதங்கள்தான் வருகின்றன. அமெரிக்காவில் காலேஜ் ஐஸ் ஹாக்கி அக்டோபரில் ஆரம்பிக்கிறது. நன்றாக ஆடுகிறவர்களுக்கு ஏப்ரல் வரை ஸீஸன் உண்டு. ஆடத் தெரியாதவர்களுக்கு மார்ச் முதல் பாதியிலேயே முடிந்துபோகும். ஆக, மோசமான டீமின் ரசிகனுக்குக் காத்திருப்பு ஒரு மாதம் கூடுதல். இதை யாரும் அநியாயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நான் இருந்த ஊர் ஹோட்டன். மிச்சிகன் மாநிலத்தின் வட கோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவினா தீபகற்பத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு 200 அங்குலத்துக்கு மேல் பனி விழும். ஒரு காலத்தில் செம்பு எடுத்த பூமி. கால்வாய்க்கு எதிர்க்கரைக் குன்றின் மேல் குவின்ஸி சுரங்கத்தின் மேற்கூடு இன்னும் நிற்கிறது. சுரங்கம் 1945இல் மூடப்பட்டுவிட்டது. சுரங்கத்துக்கு ஆள் தயாரிப்பதற்காக 1885இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மிச்சிகன் டெக். செம்பு போயிற்று, காலேஜ் நின்றது, கூடவே ஹாக்கியும் நின்றது. 1904இல் உலகின் முதல் தொழில்முறை ஹாக்கி லீக் தொடங்கியது இந்தப் பக்கத்தில்தான் என்பதை ஊரில் யாரும் இரண்டாம் சந்திப்புக்குள் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு ஹாக்கி என்றால் வேறு. நான் கோவில்பட்டிக்காரன். கரிசல் புழுதியில், முழங்கால் சிராய்ப்பில், மாலை வெயிலில் ஆடுகிற ஆட்டம் அது. உலோகவியல் ஆராய்ச்சிக்காக 2008இல் அங்கே போனபோது, 'ஹாக்கி பார்க்க வருகிறாயா?' என்று வீட்டுக்காரர் கேட்டதும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். உள்ளே போய்ப் பார்த்தால் பந்தில்லை, புழுதியில்லை. கறுப்பு ரப்பர் வில்லை ஒன்று வெள்ளைத் தளத்தில் கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தோற்றார்கள். மறுநாளும் தோற்றார்கள். ஒரே எதிராளியுடன் வெள்ளியும் சனியும் ஆடுவது அங்கே வழக்கம். தோல்வியை யோசித்துப் பார்க்க ஓர் இரவுகூட முழுசாகக் கிடைக்காது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2008-09இல் 6 வெற்றி, 25 தோல்வி, 7 டிரா. 2009-10இல் 5 வெற்றி, 30 தோல்வி, 1 டிரா. 2010-11இல் 4 வெற்றி, 30 தோல்வி, 4 டிரா. ஆறு, ஐந்து, நான்கு என்று படிக்கட்டு மாதிரி இறங்குகிற இந்த வரிசையில் ஒரு ஒழுங்கு இருப்பதாகக்கூட எனக்குப் பட்டதுண்டு.

இதே டீம் 1962, 1965, 1975 ஆகிய வருஷங்களில் தேசிய சாம்பியன். ஜான் மக்கின்னஸ் என்ற கோச் 1956 முதல் 1982 வரை இருந்து 555 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். ஆடுகளத்துக்கே அவர் பெயர்தான். 1975 இறுதி ஆட்டத்தில் மின்னஸோட்டாவை 6-1 என்று அடித்ததை, அப்போது பிறக்காதவர்களும் பார்த்த மாதிரி சொல்வார்கள். லீக்கில் முதலாவதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மக்நாட்டன் கோப்பை, வெள்ளியால் ஆன ஆளுயரத்தில் பாதி இருக்கும் பாத்திரம், இந்தக் காலேஜுக்குச் சொந்தம். ஆனால் 1976க்குப் பிறகு அதைக் காலேஜ் ஜெயித்திருக்கவில்லை. சொந்தப் பாத்திரத்தை வருஷா வருஷம் அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்தனுப்புவது போலத்தான்.

நான் சொல்ல வந்தது 2011 கோடையைப் பற்றி.

வீட்டுக்காரர் ஃபின்லாந்து வழி வந்தவர். தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவர். இவர் பள்ளிக்கூடம் ஒன்றில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அவர் மனைவிக்கும் ஆடுகளத்தில் பக்கத்துப் பக்கத்து ஸீட்டுகள், முப்பது வருஷத்துக்கு மேலாக. அந்த ஜனவரியில் அந்த அம்மாள் இறந்துபோனார். அடக்கம் முடிந்த வாரத்தில் வெள்ளி ஆட்டத்துக்கு அவர் போகவில்லை. சனி ஆட்டத்துக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச்சில் ஸீஸன் முடிந்தது. கோச் விலகினார். ஏற்கெனவே வேறொரு செய்தியும் வந்திருந்தது: மின்னஸோட்டாவும் விஸ்கான்ஸினும் லீக்கை விட்டு 2013இல் புதிதாக அமையும் பிக் டென் லீக்குக்குப் போகப் போகின்றன. ஜூலையில் வட டகோட்டா, டென்வர் முதலான ஆறு காலேஜ்கள் தங்களுக்கென்று தனி லீக் அமைப்பதாக அறிவித்தன. ஹோட்டன் எதிலும் இல்லை. தோற்பதற்காவது பெரிய டீம்கள் வந்துகொண்டிருந்தன, இனி அதுவும் இல்லை என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் அடுத்த ஸீஸனின் டிக்கெட் புதுப்பிப்புப் படிவம் தபாலில் வந்திருந்தது. எத்தனை ஸீட்டுகள் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அவர் சமையலறை மேஜையில் உப்பு ஜாடிக்கடியில் வைத்திருந்தார். கோடை முழுக்க அது அங்கேயே இருந்தது. சாப்பிடும்போது ஜாடியை எடுப்பார், உப்பைப் போட்டுக்கொள்வார், படிவத்தின் மேலேயே திரும்ப வைப்பார்.

ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் படியில் உட்கார்ந்து பேசுவோம். பேச்சு எல்லாம் டீமைப் பற்றித்தான். யார் யார் படிப்பு முடிந்து போகிறார்கள், யார் யார் வருகிறார்கள். புதிதாக வருகிற பையன்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ அயோவாவிலோ ஜூனியர் லீக் ஆடிவிட்டு, பத்தொன்பது இருபது வயதில்தான் காலேஜுக்குள் நுழைவார்கள். இவர்களுடைய உயரம், எடை, போன வருஷம் போட்ட கோல் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருவனையும் அவர் நேரில் பார்த்ததில்லை. பையன் தேர்வு செய்கிற மாதிரி, ஜாதகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு அது.

அப்புறம் ஒரு நோட்டு. ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டங்களைத் தனியாக எழுதி வைத்திருந்தார். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பக், கடைசி நிமிஷத்தில் வாங்கிய கோல் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு வரி உண்டு. இதில் பாதி திரும்பியிருந்தால் என்று கூட்டிப் பார்ப்பார். கூட்டிய தொகையும் பெருமைப்படும்படி இருக்காது. சுமாரான டீம் என்று சொல்லலாம். சுமாரான டீமாக ஆவதற்குத்தான் அவ்வளவு கற்பனையும்.

அந்தக் கோடையில் ஊர் பேசிய பேச்சு முழுவதும் 'ஆல்' என்று முடிந்தது. கோல்கீப்பர் தேறினால். இரண்டாம் வரிசை கோல் போட ஆரம்பித்தால். புது கோச் சரியாக அமைந்தால். அவர்கள் இங்கிலீஷில் பேசியதை நான் மனசுக்குள் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. 'அடித்தால்' என்ற சொல்லுக்குள் இருப்பது இறந்தகால இடைநிலை. சொல்கிற விஷயமோ இனி வர வேண்டிய காலத்துடையது. எதிர்காலத்தைப் பற்றி நிபந்தனையாகப் பேச வேண்டுமானால் நாம் இறந்தகாலத்தை எடுத்துத்தான் அதில் ஒட்டுகிறோம். அந்த ஊரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. 1975ஐ எடுத்து அடுத்த அக்டோபரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நானும் வேறெதுவும் செய்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அப்பா போனில் கேட்பார்: 'எப்பம்பா முடியும்?' 'அடுத்த வருசம் முடிஞ்சிரும்பா.' மூன்று வருஷமாக இதே பதில். என் சோதனைத் துண்டுகள் எதிர்பார்த்த இடத்தில் உடையாமல் வேறெங்கோ உடைந்துகொண்டிருந்தன. தவறிய சோதனைகளுக்கு என்னிடமும் ஒரு நோட்டு இருந்தது. உலையின் சூடு இன்னும் பத்து டிகிரி கூடியிருந்தால், குளிரவைத்த வேகம் குறைந்திருந்தால் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அப்பா போனை வைத்த பிறகு படிக்கு வந்து, கிழவர் கம்பத்தில் பட்ட பக்குகளை எண்ணுவதைக் கேட்கையில் எனக்கு ஆத்திரம் வரும். அது யார் மேல் என்று அப்போது விளங்கவில்லை.

ஒரு நாள் கேட்டும்விட்டேன். ஜூலையில், அந்த ஆறு காலேஜ் செய்தி வந்த வாரம். 'இவர்கள் ஜெயிப்பார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?'

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'ஜெயிப்பார்கள் என்று நான் எப்போது சொன்னேன்?' என்றார்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். மூன்று கோடைகளில் ஒரு தடவைகூட அவர் அப்படிச் சொன்னதில்லை. எண்ணினார், பெயர்களைச் சொன்னார், 'திரும்பியிருந்தால்' என்றார். அந்த 'ஆல்' என்பதற்குப் பிறகு வாக்கியத்தை அவர் முடித்ததே இல்லை. முடித்துக்கொண்டது நான். அவர் பேச்சை ஆசை என்று எடுத்துக்கொண்டு, ஆசைக்காக அவரை மட்டமாக நினைத்ததும் நான். அது ஆசை இல்லை, ஒரு வகைக் கவனிப்பு. வீட்டில் ஆளில்லாத அறையைப் பூட்டிவிடாமல் தினம் பெருக்கி வைக்கிற மாதிரி.

பனித்தளம் எப்படி உண்டாகிறது என்று ஒரு தடவை விவரித்தார். கீழே கான்கிரீட் தரை. தரைக்குள் குழாய்கள். அவற்றில் உறையாத குளிர்திரவம் ஓடும். தரை குளிர்ந்ததும் தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளிப்பார்கள். அது உறைந்ததும் இன்னொன்று. நடுவில் வெள்ளை வர்ணம், அதன் மேல் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள், அதற்கும் மேல் மறுபடி தண்ணீர். எல்லாம் சேர்ந்து ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூட இருக்கும், அவ்வளவுதான். ஸீஸன் முடிந்து குழாய்களை நிறுத்தினால் உருகி, வர்ணத்தோடு கலந்து சாக்கடைக்குப் போய்விடும். கொதிகலன் பார்த்தவராதலால் குழாய்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது. 'பார்க்கிறவர்களுக்குப் பனிதான் தெரியும்' என்றார்.

புதுக் கோச்சாக மெல் பியர்ஸன் வந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 23 வருஷம் உதவிக் கோச்சாக இருந்தவர், அதற்கு முன் ஹோட்டனில் ஆடியவர். டீம் கடைசியாகத் தேசியப் போட்டிக்குப் போன 1981இல் அதில் இருந்தவர். ஊருக்கு இது போதுமானதாக இருந்தது. கிழவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டார்.

படிவத்துக்குக் கடைசித் தேதி நெருங்கியது. ஒரு காலை நான் எழுந்து வந்தபோது உப்பு ஜாடி தனியாக இருந்தது. அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டாம்பு ஒட்டிய உறை. அதைத் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். வாசல் தாண்டியதும், 'இரண்டு' என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

இரண்டாவது ஸீட்டு எனக்கு என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அக்டோபரில் முதல் ஆட்டத்துக்கு அவரோடு போனபோது, மாணவர்களுக்கான வாசலில் என்னை இறக்கிவிட்டுத் தன் வாசலுக்குப் போய்விட்டார். மாணவர் கூட்டத்திலிருந்து எதிர்ப்பக்கம் தேடிக் கண்டுபிடித்தேன். அந்த ஸீட்டில் யாரும் இல்லை. தன் கையுறைகளையும் நோட்டையும் அதில் வைத்திருந்தார். ஆட்டத்தின் நடுவில் அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்துத் திரும்ப வைத்தார்.

அந்த ஸீஸனில் 16 வெற்றி, 19 தோல்வி, 4 டிரா. சுமாரான டீம். நோட்டில் கூட்டிப் பார்த்த தொகையைவிடக் கொஞ்சம் அதிகம். நான் 2013இல் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். சோதனைத் துண்டுகள் கடைசி வரை எதிர்பார்த்த இடத்தில் உடையவில்லை. ஏன் உடையவில்லை என்று எழுதியதுதான் ஆராய்ச்சி ஆயிற்று.

2015 மார்ச்சில், 34 வருஷத்துக்குப் பிறகு டீம் தேசியப் போட்டிக்குப் போனது. ஃபார்கோவில் செயின்ட் கிளவுடுடன் ஆட்டம். 3-2 என்று கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். ஒரே கோல். மறுநாள் அவரைப் போனில் கூப்பிட்டேன். துக்கம் விசாரிக்கிற குரலை வரவழைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பித்தேன். குரல் தளர்ந்திருந்தது அவருக்கு. ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை பேர் படிப்பு முடிந்து போகிறார்கள் என்று ஆரம்பித்தார். பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு வரப் போகிறவர்கள். ஒருவனுக்கு உயரம் ஆறடி இரண்டு அங்குலம்.

ஜன்னலுக்கு வெளியே கோவில்பட்டி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டேன்.