நாலு மாசம் ஓடுன பெல்ட்

இந்த வருசம் நம்ம லோடு வண்டியில மூணு டைனமோ பெல்ட் அறுந்துச்சு. ஆல்டர்னேட்டர்னுதான் சொல்லணுமாம், எங்க பக்கம் எல்லாருக்கும் அது டைனமோதான். பொங்கல் கழிச்சு ஒண்ணு, மாசிக் கடைசியில ஒண்ணு, ஆடியில ஒண்ணு. ரெண்டாவது அறுந்தப்பவே, "போலி பெல்ட்டைத் தலையில கட்டிட்டீங்க"ன்னு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கிட்ட நாலு பேர் பார்க்கக் கத்திட்டு வந்தேன்.

ஆடியில அறுந்ததுதான் பெரிய சோதனை. விலை ஏறட்டும்னு வச்சிருந்த முண்டு மிளகாயை ஏத்திக்கிட்டு ராமநாதபுரம் போறோம். திருப்புல்லாணி தாண்டினதும், "ஏங்க, சிவப்பு லைட்டு எரியுது"ன்னா வீட்டுக்காரி. சார்ஜ் லைட்டுதானே, சந்தைக்குப் போய் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். அவதான் நிறுத்தச் சொன்னா. நல்லவேளை. எங்க வண்டியில தண்ணி பம்பையும் சுத்துறது அதே பெல்ட்தான். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா இன்ஜின் சூடேறி ஹெட் போயிருக்கும். மிளகாய்க் காசு மொத்தமும் அதுக்கே சரியாயிருக்கும்.

வேற வண்டியில மூட்டையை மாத்தி அனுப்பிட்டு, கீழக்கரையில பழைய மெக்கானிக் பாய்கிட்ட கட்டி இழுத்துட்டுப் போனேன். அவர் வண்டியைத் தொடவே இல்ல. "தம்பி, ரெண்டு பெல்ட் ரெண்டு மாசம்கூட ஓடல. இது மட்டும் எப்படி நாலு மாசம் ஓடுச்சு?"ன்னார். யோசிச்சேன். நடுவுல ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம். அந்த 61 நாளும் மீன் ஏத்த மண்டபம் கரைக்கே போகல.

உடனே பாய் வண்டிக்குக் கீழே படுத்தார். மார்கழியில வேற ஒரு பட்டறையில இன்ஜின் வேலை பார்த்தப்ப கழட்டுன அடித்தகடு திரும்ப மாட்டப்படவே இல்ல. நானும் பார்க்கல. கரையில ஈர மணல்ல வண்டியை விடும்போதெல்லாம் உப்புத் தண்ணியும் மணலும் நேரா பெல்ட்டுல அடிச்சிருக்கு. புல்லி காடியில துரு ஏறி, விரல் வச்சா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு. அதுல எந்த பெல்ட் போட்டாலும் அரம் வச்சுத் தேய்ச்ச மாதிரிதான்.

டைனமோ புல்லியை மாத்தினார், மத்ததைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சார், தகரத்துல ஒரு அடித்தகடு வெட்டி மாட்டினார். பெல்ட்டை ரொம்ப முறுக்கக் கூடாதாம், பேரிங் போயிடுமாம்; கட்டை விரலால அழுத்தினா அரை இஞ்ச் அமுங்கணும்னு என்னையே அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

இப்ப கார்த்திகை. அதே பெல்ட் ஓடுது. போன வாரம் ஸ்பேருக்கு ஒண்ணு வாங்க அந்தக் கடைக்கே போனேன். கடைக்காரர் ஒண்ணும் பேசல. பெட்டியைப் பிரிச்சு, பெல்ட்டை எடுத்து, "நல்லா பார்த்துக்கங்க"ன்னு கையில குடுத்தார்.