கூறையின் சிவப்பு

கொட்டாஞ்சேனையில் என் தந்தையார் நடத்திவரும் சிறிய ஸ்ரூடியோவில், விடுமுறை நாள்களில் திருமணப் படங்களுக்குக் கணினியில் நிறம் திருத்துவது என் பணி. சென்ற ஆவணியில் அப்பணியில் யான் இழைத்த பிழையொன்றே இக்கட்டுரைக்குப் பொருள்.

வெள்ளவத்தையில் நடந்தேறிய ஒரு திருமணம். அச்சாகி வந்த அல்பத்தைப் புரட்டிய மணமகளின் தாயார், கூறைச் சேலைப் படமொன்றில் விரலை வைத்தார். "தம்பி, இது எங்கட கூறையில்லை. பத்து வருசம் தோய்ச்சு உடுத்த சீலை மாதிரிக் கிடக்கு" என்றார். தந்தையார் மறுமொழி கூறாது முற்பணத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். என்னை ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

கணினிக்குச் சிவப்பு என்பது 0 முதல் 255 வரையிலான எண்ணேயாகும். அவ்வெண் எந்தச் சிவப்பைக் குறிக்கும் என்பதை வரையறுப்பது நிறவெளி. ஹியூலெட் பக்கார்டும் மைக்ரோசொப்ட்டும் 1996இல் முன்மொழிந்து, 1999இல் சர்வதேச நியமமான எஸ்ஆர்ஜிபி ஒன்று. 1998இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட அடோபி ஆர்ஜிபி மற்றொன்று. பின்னது விரிந்தது என்று படித்த யான், விரிந்தது சிறந்தது எனத் துணிந்து அதனையே தெரிந்தேன். விரிவெல்லாம் பச்சைப் பக்கத்திலேதான் என்பதையும், சிவப்பின் எல்லை இரண்டிலும் ஒன்றே என்பதையும் பின்னரே அறிந்தேன். எஸ்ஆர்ஜிபியில் 255 ஆகும் முழுச்சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் ஏறத்தாழ 219 என எழுதப்படும். அச்சிடுவோரோ எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபி என்றே வாசிப்பவர்; 219ஐ 219 ஆகவே அச்சிட்டனர். கூறை மங்கிற்று. அவர்களது விலைப்பட்டியலின் அடியிற் பொடியெழுத்தில் இது குறிக்கப்பட்டிருந்தது. யான் வாசித்திலேன்.

திரையையும் ஐயுற்றேன். நண்பரொருவரின் நிறமானியை இரவல் வாங்கித் திரைமீது தொங்கவிட்டு, வெண்மையை 6500 கெல்வினுக்கும் காமாவை 2.2இற்கும் சீராக்கினேன். அன்று மாலை திரை மஞ்சளாய்த் தோன்றியது. உண்மையில் அதுவரை நீலம் பாரித்த திரையையே வெண்மையென நம்பியிருந்தேன். இரண்டு நாளிற் கண் பழகிவிட்டது.

படங்கள் அனைத்தையும் மீளத் திருத்தி, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி அச்சிடுவித்து, தந்தையாருடன் வெள்ளவத்தைக்குச் சென்றேன். அந்த அம்மையார் அலுமாரியிலிருந்து கூறையை எடுத்து வந்து, யன்னலோரத்தில் அதன் தலைப்பைப் படத்தின்மீது விரித்தார். நெடுநேரம் பார்த்தார். பின்னர் உள்ளே சென்று, திருப்பிக் கொடுத்த அதே முற்பணத்துடன் வந்து, "அண்ணை, இதைப் பிடியுங்கோ" என்றார்.